ஏரிக்குக் காட்டாத கால்

தேசிங்குவுக்கு அவன் பெண்டாட்டி கோமளா பட்டணத்திலிருந்து நெஞ்சு வரை ஏறும் ரப்பர் கால்சட்டை ஒன்று வாங்கி வந்து, அதை மாட்டிக்கொண்டு அவன் இறங்கிய வியாழக்கிழமை காலையில், ஏரி அவனைத் தொடாமல் ஒரு கை தூரம் தள்ளி நின்றது என்பதும், அதற்கப்புறம் நாளுக்கு ஒரு கை, இரண்டு கை என்று விலகிக்கொண்டே போய் ஊரையே காயப் போட்டது என்பதும் எங்கள் ஊசித்திட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. ஏரிக்கு அப்படி என்ன கோபம் என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொன்று சொல்வார்கள், சொல்லும் முன்பு கோமளா அந்தப் பக்கம் வருகிறாளா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள்.

எங்கள் ஊருக்கு முன்னால் கடல், பின்னால் ஏரி. கடலுக்குப் போகிறவர்கள் படகில் போவார்கள், ஏரிக்குப் போகிறவர்கள் காலில் போவார்கள். உப்பு ஏரிதான், கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும் தண்ணீர்தான், ஆனாலும் பெரும்பாலான இடத்தில் இடுப்புக்கு மேல் ஏறாது என்பதால், இடுப்பில் மீன் போடுகிற பனையோலைப் பறியைக் கட்டிக்கொண்டு, தோளில் வீச்சு வலையைப் போட்டுக்கொண்டு, தண்ணீருக்குள் நடந்தே மீன் பிடிப்பது எங்கள் வழக்கம். நடப்பதற்கும் முறை உண்டு. காலைத் தூக்கி வைக்கக் கூடாது, சேற்றைத் தேய்த்தபடி நகர்த்த வேண்டும். சேற்றில் புதைந்து படுத்திருக்கும் திருக்கை, தேய்த்து வருகிற காலை உணர்ந்தால் எழுந்து போய்விடும், மிதித்தால் வால் முள்ளால் குத்திவிடும். அப்படியே நடந்து பழகி எங்கள் ஊர் ஆம்பிளைகள் ரேஷன் கடை வரிசையிலும் கல்யாண மண்டபத்திலும் காலைத் தேய்த்துத்தான் நடப்பார்கள், வெளியூர்க்காரர்கள் இவர்களுக்கு முட்டியில் ஏதோ வியாதி என்று நினைத்துக்கொள்வார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஊருக்கு வாழ வருகிற பெண், கல்யாணத்தின் மூன்றாம் நாள் விடிந்ததும், மஞ்சள் பூசின காலோடு ஏரியில் கணுக்கால் வரை இறங்கி நிற்க வேண்டும். இதற்குக் கால் காட்டுவது என்று பெயர். இன்னார் வீட்டுக்கு இன்னாள் வந்திருக்கிறாள், இனிமேல் அவன் உனக்குப் பாதி இவளுக்குப் பாதி என்று நாத்தனார் சொல்ல, ஏரி அந்தக் காலை நனைத்து ஒத்துக்கொள்ளும். கோமளா கால் காட்டவில்லை. அவள் நெல் விளைகிற ஊர்க்காரி, நாற்று நட்ட காலுக்குச் சேறு புதுசில்லை, ஆனால் எங்கள் ஏரிச் சேற்றின் வாடை அவளுக்குக் குமட்டியது; மூன்றாம் நாள் ஜுரம் என்று சொல்லிப் போர்த்திப் படுத்துக்கொண்டாள். தேசிங்குவின் அக்கா சகுந்தலா, நல்ல நேரம் போகிறதே என்று பார்த்துவிட்டு, கல்யாணத்துக்கு வாங்கின புதுச் செருப்பில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் முக்கி, "இத்தையே அவ காலுன்னு வெச்சிக்கோ" என்று ஏரியிடம் சொல்லிவிட்டு வந்தாள். ஊரே சிரித்தது. சிரித்ததோடு மறந்தும் போனது.

கோமளா மறக்கவில்லை என்று சொல்ல முடியாது, அவள் அதை நினைக்கவே இல்லை. அவள் நினைத்ததெல்லாம் தேசிங்குவைத்தான். அவன் நல்லவன், குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், ஆனால் விடிகாலையில் ஏரிக்கரைக்குப் போனதும் குனிந்து மூன்று விரலை நனைத்து இரண்டு காதுக்குப் பின்னாலும் தொட்டுக்கொள்வான், அப்போது அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வரும், அந்தச் சிரிப்பை அவள் வீட்டுக்குள் ஒருநாளும் பார்த்ததில்லை. சாயங்காலம் சோற்றில் கை வைத்தபடி "இன்னைக்கு ஏரி மூஞ்சைத் தூக்கி வெச்சிக்குனு கீது" என்பான், இல்லாவிட்டால் "காலையில கைய வுட்டுப் பாத்தேன், ஒடம்பு கதகதன்னு கீது அதுக்கு" என்பான். வடக்குத் திட்டின் மணல் இரண்டு கை நகர்ந்திருப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு காலாலேயே கண்டுபிடித்துவிடுவான். கோமளா மூக்குத்தியை மாற்றி மூன்று மாதமாகியும் அவனுக்குத் தெரியவில்லை. அவன் தலைகாணியில் உப்பு வாடை அடித்தது. தோய்த்துக் காயப் போட்டாள், மறுநாளும் அடித்தது. வேறு ஒருத்தி என்றால் வாசலில் போய் நின்று நாலு வார்த்தை கேட்டிருப்பாள்; ஏரி என்கிற இவளுக்கோ வாசலே கிடையாது, எந்தப் பக்கம் பார்த்தாலும் பரந்து கிடந்தாள்.

அந்த வருஷம் ஐப்பசியில் கிளிஞ்சல் கிழித்து தேசிங்குவின் பாதத்தில் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. ஆஸ்பத்திரி நர்ஸ், கொஞ்ச நாள் காலை நனைக்காதே என்றாள். நர்ஸ் எல்லோருக்கும் சொல்வதுதான், தேசிங்கு தலையாட்டிவிட்டு மறுநாளே இறங்கினான். ஆனால் அந்த வார்த்தை கோமளாவின் காதில் விழுந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அவன் மத்தியானம் அசந்து தூங்கும்போது ஒரு நைலான் கயிற்றை எடுத்து, உள்ளங்காலிலிருந்து முழங்காலுக்கு ஒரு முடிச்சு, இடுப்புக்கு ஒரு முடிச்சு, அக்குளுக்கு ஒரு முடிச்சு போட்டு, அப்புறம் கொஞ்சம் யோசித்து, ஒரு சாண் கூட விட்டு இன்னொரு முடிச்சும் போட்டு, அதைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, மறுநாள் முதல் பஸ்ஸில் பட்டணத்துப் பாரிமுனைக்குப் போனாள்.

துறைமுகத்துச் சாமான் விற்கிற சந்தில், கயிறும் கப்பியும் மிதவையும் தொங்குகிற ஒரு கடையில், ரப்பர் கால்சட்டைகளைப் பாதத்தைக் கொக்கியில் மாட்டித் தலைகீழாகத் தொங்க விட்டிருந்தார்கள், இடுப்புக்கு மேலே எங்கேயோ போய்விட்ட மனிதர்களைப் போல. கடைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"ஆள் வரலியாம்மா?"

"ஆள் எதுக்கு? அளவு கீது." கயிற்றை எடுத்து வைத்தாள்.

"தொடை வரைக்கும் ஒண்ணு, இடுப்பு வரைக்கும் ஒண்ணு, நெஞ்சு வரைக்கும் ஒண்ணு. எவ்ளோ ஆழத்துல நிப்பாரு?"

"இடுப்பளவு."

"அப்ப நெஞ்சு வரைக்கும் எடு. நிக்கிற ஆழத்துக்கு எப்பவும் ஒரு படி மேல எடுக்கணும்."

"கழுத்து வரைக்கும் இல்லியா?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கழுத்து வரைக்கும்னா அது பாட்டிலும்மா."

அடியில் ஆணி பதித்த பூட்ஸ் ஒன்று, வழவழ அடி கொண்டது ஒன்று என்று எடுத்துப் போட்டார். பாறைக்கு ஆணி, சேற்றுக்கு வழவழ. சேற்றில் ஆணி அடியோடு இறங்கினால் சேறு பிடித்து இழுக்கும், விடாது என்றார். "இழுக்கக் கூடாது" என்றாள் கோமளா, கொஞ்சம் சத்தமாகவே. அப்புறம் ஒரு பெல்ட்டைக் காட்டி, இடுப்பில் இதை இறுக்காமல் இறங்கவே கூடாது, விழுந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து ஆளை எழ விடாது என்றார். "ஒரு பேன்ட்டு மேல போட்டுக்குனு குந்திப் பாக்கணும். குந்தி எழுந்திரிக்க முடியலைன்னா சைஸ் சின்னதுன்னு அர்த்தம். அதுக்குத்தான் ஆள் வேணும்ன்றது." கோமளா புடவையைச் சுருட்டிச் செருகிக்கொண்டு, தானே அதற்குள் இறங்கி, வாரைத் தோளில் மாட்டி, கடை நடுவில் மூன்று தடவை குந்தி எழுந்தாள். அவன் தன்னைவிட எவ்வளவு உயரம் என்று கயிற்றைப் பிடித்து அந்த மிச்சத்தைக் கணக்குப் பண்ணினாள். அதோடு விட்டாளா என்றால் இல்லை, கால்சட்டைக்குள் தலையை விட்டு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஊசி முனையளவு ஓட்டை இருக்கிறதா என்று தையல் தையலாகப் பார்த்தாள். இரண்டை வேண்டாம் என்று தள்ளி, மூன்றாவதை எடுத்தாள்.

"மாப்பிள்ளை பாக்குற மாதிரி பாக்குறியேம்மா" என்றார் கடைக்காரர்.

"மாப்பிள்ளை பாக்குறப்ப இவ்ளோ பாக்கல. அதான் இப்ப பாக்குறேன்."

தேசிங்குவுக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. "இன்னாமே இது, என்னைப் பொட்டலம் கட்டப் போறியா?" என்றான். "புண்ணு ஆறுற வரைக்கும் போடு. போட மாட்டேன்னா சொல்லு, நான் எங்க ஊருக்குப் பூட்றேன்" என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை. வியாழக்கிழமை விடிந்ததும் அவன் அதை மாட்டிக்கொண்டு பெல்ட்டை இறுக்கி, கரையில் நின்று வழக்கம்போல் விரலை நனைக்கக் குனியப் பார்த்தான். பெல்ட் வயிற்றில் கடித்தது, ரப்பர் மடங்கவில்லை, கை எட்டவில்லை. சரி நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்படியே காலை வைத்தான். ஏரி ஒதுங்கியது.

முன்பின் தெரியாத ஆம்பிளை வாசலுக்கு வந்தால் பெண்கள் முந்தானையை இழுத்துக்கொண்டு நகர்வார்களே, அப்படி ஒதுங்கியது. அவன் இன்னொரு அடி வைத்தான், இன்னொரு அடி ஒதுங்கியது. முழங்கால் ஆழத்துக்குப் போனான், அவனைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் வட்டமாகச் சுவர் வைத்தது. இடுப்பாழத்துக்குப் போனான், சுவர் இடுப்புயரம் ஆனது. அவன் நடுவில் ஈரச் சேற்றில், பூட்ஸில் ஒரு பொட்டு நனையாமல், தூர்வாரின கிணற்றுக்குள் நிற்கிறவன் மாதிரி நின்றான். ஒதுங்கத் தெரியாமல் பின்தங்கின மடவை மீன்கள் காலடியில் விழுந்து துள்ளின, இறால் குதித்தது, நண்டு பக்கவாட்டில் ஓடித் தண்ணீர்ச் சுவரில் முட்டி உள்ளே போனது. வலையை வீச வேண்டியிருக்கவில்லை. பொறுக்கிப் பறியில் போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் கரையேறி வந்தான். அன்றைக்கு அவ்வளவு மீன் எங்கள் ஊரில் யாருக்கும் இல்லை, அவ்வளவு வாடிப்போன முகமும் யாருக்கும் இல்லை.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், ஊர் எதையும் எடுத்துக்கொள்வதுபோல்தான் எடுத்துக்கொண்டது. முதல் நாள் பார்த்தோம், இரண்டாம் நாள் பேசினோம், மூன்றாம் நாள் கூடை எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே போனோம். வட்டம் அதற்குள் எட்டுப் பேர் நிற்கிற அளவுக்குப் பெருத்திருந்தது. பெண்கள் சீரியல் கதை பேசிக்கொண்டே கிளிஞ்சல் பொறுக்கினார்கள். நாட்டார் கங்காதரன், எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தலைவர், அப்பா காலத்தில் தொலைந்த நங்கூரத்தைக் கண்டெடுத்தார். சகுந்தலா ஒன்பது வருஷத்துக்கு முன் தொலைத்த வெள்ளிக் கொலுசைச் சேற்றிலிருந்து உருவியெடுத்தாள். அந்தக் கொலுசை எடுத்ததாகச் சொல்லி அவள் ஒன்பது வருஷமாகப் பேசாமல் இருந்த, தேசிங்குவின் அடுத்த வீட்டு லோகுவின் அம்மா, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னா சகுந்தலா, நான்தான் துன்னேன்னு சொன்னியே, என் வயித்துலேந்தா எடுத்த இப்ப?" என்று கேட்டாள். சகுந்தலா கொலுசை முந்தானையில் முடிந்துகொண்டு வேறு பக்கம் கிளிஞ்சல் பொறுக்கப் போனாள்.

வட்டத்துக்குள் கிடைக்கிற மீன் யாருக்கு என்று பேச்சு வந்தபோது, செவ்வாயும் வெள்ளியும் ஊருக்கு, மற்ற நாள் தேசிங்குவுக்கு என்று தீர்ப்பாயிற்று. ஆனாலும் எங்களுக்கு மனசு ஆறவில்லை. அந்த லோகு, தேசிங்குவோடு சேர்ந்து வலை பிடித்தவன், யாருக்கும் சொல்லாமல் பட்டணத்துக்குப் போய் அதைவிட ஒசத்தியாக, ஆரஞ்சு வார் வைத்த கால்சட்டை ஒன்று வாங்கி வந்தான். அவசரத்தில் பெல்ட்டை இறுக்காமல் இறங்கினான். ஏரி அவனைக் கண்டு ஒரு விரல் அளவுகூட ஒதுங்கவில்லை. பிரிந்து போன பிள்ளையைக் கட்டிக்கொள்வதுபோல் மேலேயும் உள்ளேயும் பாய்ந்து கட்டிக்கொண்டது, இரண்டு கால்களும் இரண்டு குடமாக ஊதிப்போய்த் தத்தளித்தவனை மூன்று பேர் இழுத்து வந்து தலைகீழாகக் கவிழ்த்துக் கொட்டினார்கள், லோகுவோடு நாலு இறாலும் ஒரு நண்டும் விழுந்தன. அவன் பெண்டாட்டி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஒண்ணு ஒதுங்கணும்னா அதுக்கு முன்னால அது ஒன்மேல ஆசையா இருந்திருக்கணும். ஒனக்கு எவ ஒதுங்குவா?"

அவள் சிரிக்கத்தான் சொன்னாள். ஆனால் கரையில் நின்ற ஆம்பிளைகள் யாரும் சிரிக்கவில்லை. எத்தனை வருஷமாக இறங்குகிறோம், எத்தனை தடவை கோபமாகக் காறித் துப்பியிருக்கிறோம், வலை கிழிந்தபோது கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கிறோம், ஒருநாளாவது ஏரி எங்களிடம் கோபித்துக்கொண்டதா என்று எங்களுக்குள் ஏதோ அரித்தது. தேசிங்குவுக்கு மீன் கிடைத்தது என்பதைப் பொறுத்துக்கொண்டுவிட்டோம். ஏரி இத்தனை காலமும் எங்களுக்கெல்லாம் பொதுவாகத் தண்ணீராக இருந்துகொண்டே அவனுக்கு மட்டும் வேறு ஏதோவாக இருந்திருக்கிறது என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. சாயங்காலங்களில் அவன் வீட்டைத் தாண்டிப் போகும்போது வேலிப் பக்கம் பார்க்காமல் போனோம்.

ஏழாம் நாள் தேசிங்கு கால்சட்டையைக் கழற்றிக் கரையில் வீசிவிட்டு, புண்ணும் காலுமாக ஓடினான். ஏரியும் ஓடியது. அவன் ஓடின தூரத்துக்கு முன்னாலேயே ஓடியது. மண்டியிட்டுக் கையை நீட்டினான், விரல் நுனிக்கு எட்டாமல் தள்ளிப் போய் நின்றது. வீட்டில் குடிக்கிற தண்ணீர் அவனை ஒன்றும் சொல்லவில்லை, அது குழாயில் அக்கரையிலிருந்து வருகிற தண்ணீர், இந்தச் சண்டையில் அதற்குச் சம்பந்தமில்லை. ஆனால் மீன் கழுவ மொண்டு வைத்த ஏரித் தண்ணீர் அவன் பக்கத்தில் வந்தால் குண்டானில் ஒரு பக்கமாக ஏறிக்கொண்டது.

கோமளாவுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. புருஷன் நாள் முழுக்க வீட்டில், காய்ந்த காலோடு, சோப்பு வாசனையோடு. ஆனால் அவன் பின்வாசலில் உட்கார்ந்து ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தான். சோற்றுத் தட்டை ஏரிப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு சாப்பிட்டான். முன்பாவது பகல் முழுக்க அங்கே இருந்துவிட்டுச் சாயங்காலம் இவளிடம் வருவான். இப்போது பகலும் சாயங்காலமும் அங்கேயே இருந்தான், உடம்பு மட்டும் இங்கே இருந்தது. கோமளாவுக்கு முன்னைவிடப் பத்து மடங்கு எரிந்தது.

அவன் கரையோரம் உட்கார்ந்திருக்க உட்கார்ந்திருக்க, ஏரி ஊரை விட்டே நகர்ந்தது. பத்தாம் நாள், அக்கரைக்குச் சாமான் ஏற்றத் துறையில் கட்டியிருந்த படகுகள் சேற்றில் சாய்ந்தன. பதினைந்தாம் நாள் துறைக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு கால்பந்து மைதானம் கிடந்தது. பஞ்சாயத்துக் கூடினோம். ஒரு தரப்பு தேசிங்கு வீடு, இன்னொரு தரப்பு ஏரி என்பதால், ஒரு மண்பானையில் ஏரித் தண்ணீரை மொண்டு வந்து பலகை மேல் வைத்தார்கள். தேசிங்கு வந்து உட்கார்ந்ததும் பானைத் தண்ணீர் அவனுக்கு எதிர்ப் பக்கமாக ஏறி வழியத் தொடங்கியது, அவனை எழுப்பிப் பனைமரம் வரை தள்ளிப் போய் உட்காரச் சொன்னார்கள்.

"ஏரி தரப்புல யாரு பேசுறது?" என்றார் கங்காதரன்.

"நான் பேசுறேன்" என்று சகுந்தலா எழுந்தாள்.

"ஏன் அண்ணி, நீங்க எங்க வூட்டு ஆளுதானே" என்றாள் கோமளா.

"ஒங்க வூட்டு ஆளுதான். ஆனா அன்னைக்கி செருப்பை எடுத்துக்குனு போயி நின்னது நான்தானே, பதில் சொல்ல வேண்டியதும் நான்தான்." சகுந்தலா பானைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினாள். "ஏரி சொல்றது இன்னான்னா, ஒரு பொண்ணு வந்தா, மூஞ்சியக் காட்டல, காலைக் காட்டல, செருப்பைக் காட்டுனா. சரி, சின்னப் பொண்ணுன்னு வுட்டேன். பாதி வேணும்னா பாதி எடுத்துக்கடின்னு இருந்தேன். இப்ப அவனை ரப்பர்ல சுத்தி அனுப்புறா. நான் இன்னா சொறி புடிச்சவளா? தொடக் கூடாதுன்னா தொடலை, போ."

கூட்டத்தில் பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது, ஏரி சொன்னதில் நியாயம் இருக்கிறது என்பதுபோல. கோமளாவுக்குக் காது சிவந்தது. "பாதின்னு சொல்றாங்களே, எனக்குப் பாதியா வந்துச்சு? சும்மா தூங்குறதுக்கு வந்துச்சு" என்றாள்.

கங்காதரன் தீர்ப்புச் சொன்னார். தேசிங்கு இங்கே இருக்கிற வரைக்கும் தண்ணீர் திரும்பாது, ஊர் பிழைக்க வேண்டும், ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்குள் அவனும் அவளும் அவள் ஊருக்குப் போய்விட வேண்டும். அங்கே நிலம் இருக்கிறது, மச்சான்கள் இருக்கிறார்கள், நல்லபடியாக இருக்கட்டும். பனைமரத்தடியிலிருந்து தேசிங்கு சரி என்று தலையாட்டினான். இனி முழுசும் தனக்குத்தான் என்று கோமளா நினைத்தாள், நினைத்தபோது சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூட்டை கட்டினார்கள். அவள் பாத்திரத்தைக் கட்டினாள், துணியைக் கட்டினாள். அவன் என்ன எடுத்துக்கொள்கிறான் என்று ஓரக்கண்ணால் பார்த்தாள். வலையை எடுக்கவில்லை, பறியை எடுக்கவில்லை. அவளுடைய டிபன் பாக்ஸைத் துடைத்து, அதில் காய்ந்துபோன ஏரிச் சேறு ஒரு பிடி வைத்து, மூடி, அவளுடைய கல்யாணப் புடவை மடிப்புக்கு நடுவில் பத்திரமாகச் செருகினான்.

கோமளா கையிலிருந்த குண்டானைக் கீழே போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக இறங்கினாள்.

செருப்பு போடவில்லை. துறையைத் தாண்டி, சாய்ந்து கிடந்த படகுகளைத் தாண்டி, வெடித்துக் கிடந்த சேற்று வெளியில் அவள் போவதை ஊரே பார்த்தது. நாற்று நடுகிறவள் நடையில், முட்டி வரை காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். "தேய்ச்சி நடக்கச் சொல்லுங்கடி, திருக்கை கீது" என்று சகுந்தலா கத்தினாள், அவளுக்குக் கேட்கவில்லை. தண்ணீர் ஓரத்துக்குப் போய் நின்று, புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகி, இடுப்பில் கையை வைத்தாள். வெட்டவெளியில் குரல் தூரம் வரும், அவள் பேசினதெல்லாம் எங்களுக்குக் கேட்டது.

"இந்தா பார்த்துக்கோ. இதான் என் காலு. செருப்பை அனுப்புனது தப்புதான், அதுக்கு இன்னா வேணுமோ சொல்லு. ஆனா நீ மட்டும் யோக்கியமா? என் தலகாணியில ஒன் வாடை. என் சோத்துல ஒன் பேச்சு. நான் மூக்குத்தி மாத்துனது ஒனக்குத் தெரியுமா? அவருக்குத் தெரியாது. நீ ஒரு பிடி மண்ணை நகர்த்துனா அது தெரியும். இப்ப என் டிபன் பாக்ஸுலயே வந்து குந்திக்குனே. நான் எங்கடி போவேன்?"

ஏரி ஓரத்திலிருந்து ஒரு நாக்குத் தண்ணீர் மட்டும் வந்து, அவள் இடது கால் சுண்டுவிரலைத் தொட்டுவிட்டுப் பின்னால் போனது. மறுபடி வந்து கணுக்காலைச் சுற்றியது. அவள் திட்டிக்கொண்டேதான் இருந்தாள், ஆனால் குரல் இறங்கியது. மேல் தண்ணீர் கதகதப்பாகவும் அடித் தண்ணீர் சில்லென்றும் இருப்பதை அவள் அப்போதுதான் அறிந்தாள். பொடி மீன்கள் வந்து குதிகால் வெடிப்பைக் கொத்தின. ஏதோ ஒன்று முழங்காலின் பின் குழியில் மெதுவாகத் தள்ளியது, நாள் முழுக்க நின்றவளை உட்கார் என்று சொல்வதுபோல. அவளை அப்படி யாரும் உட்காரச் சொன்னதில்லை. உட்கார்ந்தாள். தண்ணீர் அவள் மார்பு வரை வந்து நின்றது. மூன்று விரலால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், மூக்குத்தி நனைந்தது. என்ன பேசினார்கள் என்று அதற்கப்புறம் எங்களுக்குக் கேட்கவில்லை. உச்சி வெயில் வரை பேசினார்கள்.

அப்புறம் எழுந்து திரும்பி நடந்தாள். இப்போது காலைத் தூக்கவில்லை, தேய்த்து நடந்தாள், யார் சொல்லிக் கொடுத்தார்களோ. அவள் பின்னாலேயே தண்ணீர் வந்தது, தீவனம் வைக்கிறவளின் பின்னால் கன்று வருவதுபோல, அவள் நின்றால் நின்று, நடந்தால் நடந்து, வெடிப்புகளை நிரப்பி, படகுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, துறைப் படிக்கு வந்து பழைய கோட்டில் நின்றது. படியில் தேசிங்கு நின்றிருந்தான். தண்ணீர் அவன் பாதத்தையும் நனைத்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான், அப்புறம் திறந்தான். எல்லோர் காலையும் நனைப்பதுபோல்தான் நனைத்தது. லோகுவின் காலையும் அப்படித்தான் நனைத்தது.

மூட்டையை அவிழ்த்தார்கள். தேசிங்குவின் புண் ஆறியது, பழையபடி வலை எடுத்தான், மற்றவர்களுக்குக் கிடைப்பது அவனுக்கும் கிடைத்தது, இப்போது அவன் எங்களோடு சேர்ந்து ஏரியைத் திட்டுகிறான், எங்களுக்கும் அவன்மேல் பொறாமை ஒன்றும் இல்லை. எங்கள் கண்ணெல்லாம் இப்போது கோமளா மேல்தான். அவனுக்கு முன்னால் அவள் எழுந்து போய்விடுகிறாள். கழுத்தில் பறியைத் தொங்கவிட்டு, மார்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிறாள். அவள் கை போகிற இடத்துக்கு இறால் வருகிறது. சாயங்காலம் அவன் சோற்றில் கை வைக்கும்போது "ஏன் கோமளா, இன்னைக்கு இன்னா சொல்லிச்சு?" என்று கேட்கிறான். "இன்னா சொல்லும், ஒண்ணும் சொல்லல" என்கிறாள், சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பித் தனக்குள் சிரித்துக்கொள்கிறாள். அந்தச் சிரிப்பை அவன் பார்க்கிறான். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் அவள் காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிற சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

போன வாரம் ஒருநாள் மத்தியானம், ஏரியிலிருந்து வந்த ஈரப் புடவையோடு அப்படியே பாயில் சரிந்து அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். தண்ணீரில் ஊறின கால்விரல்கள் சுருங்கி வெளுத்திருந்தன. தலைகாணியில் உப்பு வாடை. தேசிங்கு பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தான். மூக்குத்தி மாறியிருப்பது தெரிந்தது. எழுந்து போய், கூரை எரவாணத்தில் செருகியிருந்த அந்த நைலான் கயிற்றை எடுத்து வந்தான். பழைய முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். சத்தம் போடாமல் குனிந்து, அவள் உள்ளங்காலில் கயிற்று நுனியை வைத்து, முழங்காலுக்கு ஒரு முடிச்சு, இடுப்புக்கு ஒரு முடிச்சு, அக்குளுக்கு ஒரு முடிச்சு போட்டான். அப்புறம் கொஞ்சம் யோசித்து, ஒரு சாண் கூட விட்டு இன்னொரு முடிச்சும் போட்டான்.